பெயரும் அடையாளமும்: மலேசிய இந்தியக் காற்பந்துக் கழகம் ஒன்றின் வரலாறு

1. முன்னுரை

விளையாட்டுக் கழகங்களின் பெயர்கள் பொதுவாக மொழியாய்வாளரின் கவனத்தைப் பெறுவதில்லை. ஆயினும், புலம்பெயர்ந்த ஒரு சமுதாயம் தன்னை எவ்வாறு அழைத்துக்கொண்டது, பிறர் அதனை எவ்வாறு அழைத்தனர் என்பதை அறிய அப்பெயர்கள் நல்ல சான்றுகளாக அமைகின்றன. மலேசியாவில் 'எம்.ஐ.எஸ்.சி.–மிஃபா' என்ற பெயரில் விளங்கி, பின்னர் 'பெட்டாலிங் ஜெயா சிட்டி' எனப் பெயர் மாறி, 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு தொழில்முறைப் போட்டிகளிலிருந்து விலகிய காற்பந்துக் கழகம் இவ்வகையில் ஆராயத்தக்கது. அக்கழகத்தின் வரலாற்றை அதன் பின்னணியாகிய புலப்பெயர்வு வரலாற்றோடு இணைத்து நோக்குவதும், அதன் பெயர்களைத் தமிழில் தரும்போது மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. சித்தூர்ப் பகுதியும் மலாயாப் புலப்பெயர்வும்

இன்றைய ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்த சித்தூரும் திருப்பதியும் 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அவ்வாண்டில் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில வட்டங்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பின்போது திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறியபோதிலும், தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இருமொழி நிலை இப்பகுதியில் தொடர்ந்து வந்துள்ளது.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. கடல் கடப்போர் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டுப் பின்னர்க் கப்பலேற்றப்பட்டனர். திருப்பதிப் பகுதியிலிருந்து ரேணிகுண்டா, அரக்கோணம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை ஆவடியைக் கடந்தே செல்கிறது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயா செல்வதை இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் தடைசெய்தது. அதன்பின் இப்பெயர்வு பெரும்பாலும் ஓய்ந்தது.

மலாயாவின் குடிமதிப்பு ஆவணங்கள் இந்தியரைத் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், பஞ்சாபியர் என மொழிவழியும் இனவழியும் பிரித்துக் கணக்கிட்டன. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் மற்றொரு மொழியும் பேசும் இருமொழியாளர் ஒருவர் இத்தகைய பட்டியலில் ஏதேனும் ஒரு கட்டத்திற்குள் அடங்கியாக வேண்டும். தோட்டப் பள்ளிகளிற் பெரும்பாலானவை தமிழ்ப் பள்ளிகளாக இருந்தமையால், தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தமிழிலேயே எழுத்தறிவு பெற்றனர். மலாயாத் தெலுங்கர் 1955ஆம் ஆண்டில் 'மலாயா ஆந்திர சங்கம்' நிறுவினர். அது பின்னர் மலேசியத் தெலுங்குச் சங்கம் எனப் பெயர் மாறியது. நிலத்தின் பெயர் நீங்கி மொழியின் பெயர் அவ்விடத்தைப் பெற்றமை இம்மாற்றத்தில் கருதத்தக்கது. ஆகவே, மலேசியச் சூழலில் 'இந்தியர்' என்ற சொல் 'தமிழர்' என்பதற்கு முற்றிலும் ஒத்த சொல்லன்று. தமிழரே அதில் பெரும்பான்மையினர் என்பது உண்மை. ஆயினும் பெரும்பான்மையினரின் பெயரைக் கொண்டு முழுமையைக் குறிப்பது வரலாற்றுப் பிழையாகும்.

3. தோட்டத் திடலும் சமுதாயக் கழகங்களும்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் விளையாட்டு வாழ்க்கை இனவாரியாகவே அமைந்தது. ஐரோப்பியர், மலாய்க்காரர், சீனர், இந்தியர் எனத் தனித்தனிக் கழகங்கள் எழுந்தன. கோலாலம்பூரில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிய தமிழர் உடற்பயிற்சிக் கழகம் தன் பெயரிலேயே தமிழரைக் கொண்டிருந்தது. தோட்டங்களிலோ தமிழ்ப் பள்ளி, கோயில், திடல் என்ற மூன்றும் பொதுவாழ்வின் மையங்களாயின. தோட்டங்களுக்கிடையே நடைபெற்ற பந்தாட்டங்கள் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களுக்கு ஊர் கடந்த அறிமுகத்தை அளித்தன.

நாடளாவிய போட்டிகள் 1921ஆம் ஆண்டில் தொடங்கின. 'மலாயா' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கோப்பைக்காக நிகழ்ந்த முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை வென்றது. அக்கோப்பை 1967 முதல் மலேசியக் கோப்பை என வழங்கலாயிற்று. இப்போட்டியில் ஆடியவை மாநில அணிகள் ஆகும். சமுதாயக் கழகத்தில் பயின்ற இளைஞன் மாநில அணிக்குச் சென்று, அங்கிருந்து தேசிய அணியை அடையும் வழி இவ்வாறு உருவாயிற்று.

அவ்வழியில் வந்தோர் பலர். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் தற்காப்பு வீரராக விளங்கினார். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2–1 என வென்றபோது தேசிய அணியின் கோல் காவலராக இருந்தவர் ஆர். ஆறுமுகம். 'சிலந்தி மனிதர்' என்னும் பொருள்படும் பட்டப்பெயர் அவருக்கு வழங்கியது. புறக்கணிப்பின் காரணமாக மலேசியா மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. ஆறுமுகம் 1988ஆம் ஆண்டில் சாலை விபத்தில் இறந்தார். அக்கால அணியை அடியொற்றி 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தின் உரையாடல்களில் தமிழும் ஒலித்தது. பயிற்றுநர்களுள் கே. ராஜகோபாலின் பெயர் தனியே குறிக்கத்தக்கது. அவருடைய பொறுப்பில் மலேசியா 2009ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கத்தையும், 2010ஆம் ஆண்டில் தென்கிழக்காசியக் காற்பந்து வாகையர் பட்டத்தை முதன்முறையாகவும் வென்றது.

இவ்வரலாற்றின் அடித்தளமாகிய தோட்ட வாழ்க்கை, கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சிதையத் தொடங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல, வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் நகர்ப்புறங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன. தோட்டத்தோடு திடலும் மறைந்தது. அதே காலத்தில் ஆட்டமும் தொழிலாக மாறிவந்தது. 1989ஆம் ஆண்டில் பகுதித் தொழில்முறைத் தொடரும் 1994ஆம் ஆண்டில் முழுத் தொழில்முறைத் தொடரும் தொடங்கின. 2004ஆம் ஆண்டில் சூப்பர் லீக் அமைந்தது. ஆட்டம் ஊதியம் தரும் தொழிலாகிய காலமும், அதனைப் பயில்வதற்கான திடலை இந்திய இளைஞர் இழந்த காலமும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தன எனலாம்.

4. சமுதாயப் பெயரிலிருந்து நகரப் பெயருக்கு

மலேசியத் தொழில்முறைத் தொடர்களில் ஆடிய அணிகளின் பெயர்களை இருவகைப்படுத்தலாம். சிலாங்கூர், பேராக், கெடா போன்றவை மாநிலப் பெயர்கள். ஃபெல்டா, காவல்துறை, பல்கலைக்கழகம் முதலியவற்றின் அணிகள் நிறுவனப் பெயர்களைக் கொண்டவை. இவ்விரண்டிலும் முற்றிலும் அடங்காது சமுதாயப் பெயரைத் தாங்கி வந்தது எம்.ஐ.எஸ்.சி.–மிஃபா. மலேசிய இந்திய விளையாட்டு மன்றம், மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கம் என்னும் இரு அமைப்புகளின் பெயர்ச்சுருக்கங்கள் இணைந்த தொடர் அது. வாய்ப்பிழந்த இந்திய இளைஞருக்குத் தொழில்முறை ஆட்டத்தின் கதவைத் திறப்பதே இத்தகைய அணியின் இன்றியமையாமை.

மூன்றாம் நிலைத் தொடராகிய எஃப்.ஏ.எம். போட்டியிலிருந்து மேலேறிய அக்கழகம் 2017ஆம் ஆண்டில் இரண்டாம் நிலையாகிய பிரீமியர் லீக்கில் ஆடியது. 2018ஆம் ஆண்டுப் பருவத்திற்குப்பின் சூப்பர் லீக்கை எட்டியது. முதல்நிலையை அடைந்த அந்த வேளையிலேயே பெயரும் மாறியது. கியூ.ஐ. குழுமம் கழகத்தை ஏற்று நடத்த முன்வந்தது. 2019ஆம் ஆண்டில் 'பெட்டாலிங் ஜெயா சிட்டி' என்னும் பெயரில் அது களமிறங்கியது. பெட்டாலிங் ஜெயா மாநகர மன்ற அரங்கம் அதன் தாயகத் திடலாயிற்று. கே. தேவன், பி. மணியம் ஆகியோர் அதன் பயிற்றுநர்களாகப் பணியாற்றினர். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பெரிதும் நம்பியிருந்த தொடரில், 2021ஆம் ஆண்டில் அக்கழகம் உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே கொண்டு ஆடியமை குறிப்பிடத்தக்கது.

இப்பெயர் மாற்றத்தை இருவேறு கோணங்களிலிருந்து நோக்கலாம். தொழில்முறைக் கழகத்திற்கு நுழைவுச்சீட்டு வாங்கும் பார்வையாளரும் விளம்பரம் அளிக்கும் நிறுவனங்களும் தேவை. ஒரு நகரத்தின் பெயர் அந்நகரத்தார் அனைவரையும் அழைக்கிறது. ஒரு சமுதாயத்தின் பெயர் அவ்வாறு அழைப்பதில்லை. பல இனத்தவர் வாழும் நாட்டில் இவ்வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. மறுபுறத்தில், 'இந்திய' என்னும் அடை நீங்கியதோடு அக்கழகம் எதற்காகத் தோன்றியது என்ற செய்தியும் பெயரிலிருந்து நீங்கிவிட்டது. 2022ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் கழகம் சூப்பர் லீக்கிலிருந்து விலகியபோது ஆட்ட அட்டவணையிலிருந்து மறைந்தது ஒரு நகரத்தின் பெயர் மட்டுமே. அதனுள் அடங்கியிருந்த சமுதாய முயற்சி மறைந்ததைப் பெயரைக் கொண்டு அறிதல் இயலாது.

5. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

இக்கழகத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் முதலில் எதிர்கொள்வது ஆட்டத்தின் பெயரையே. தமிழகத்தில் 'கால்பந்து' எனவும் மலேசியாவில் 'காற்பந்து' எனவும் எழுதுவது பெருவழக்கு. வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் வல்லினத்தின் முன் றகரமாகத் திரியும் என்னும் இலக்கண விதியை மலேசிய வழக்கு காத்துவருகிறது. புலம்பெயர் நாட்டுத் தமிழைச் சிதைந்த தமிழ் எனக் கருதுவோர்க்கு இது தக்க மறுப்பாகும். மலேசியத் தமிழ் நூலைத் தமிழக வாசகர்க்காகப் பதிப்பிப்போர் இச்சொல்லைப் பிழையெனக் கருதித் திருத்துதல் முறையன்று.

இரண்டாவது சிக்கல் 'கிளப்' என்பதற்கு ஈடாக வழங்கும் 'கழகம்' என்ற சொல்லைப் பற்றியது. திருக்குறளின் சூது அதிகாரத்தில் இச்சொல் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. பிற்காலத்தில் அவை, கல்வி நிறுவனம் எனப் பொருள் விரிந்து, இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அரசியல் இயக்கத்தின் பெயராகவும் நிலைபெற்றது. தமிழக வாசகர் 'கழகம்' என்றவுடன் கட்சியை நினைக்கக்கூடும். ஆகவே முதல் முறை எழுதும்போது 'காற்பந்துக் கழகம்' என அடையோடு எழுதுவது தெளிவு தரும். மன்றம், சங்கம், கழகம் ஆகிய மூன்றையும் ஒன்றற்கொன்று மாற்றி எழுதினால் தாய் அமைப்பு எது, ஆடும் அணி எது என்ற வேறுபாடு மறைந்துவிடும்.

மூன்றாவது, பெயர்ச்சுருக்கத்தின் இடர். 'எம்.ஐ.எஸ்.சி.' என்னும் நான்கு எழுத்துகள் மலேசியாவில் புகழ்பெற்ற கப்பல் நிறுவனம் ஒன்றையும் குறிக்கும். நிறுவனப் பெயர் தாங்கிய அணிகள் பல இருந்த தொடரில், இதனையும் கப்பல் நிறுவனத்தின் அணி எனப் பொருள்கொள்ள இடமுண்டு. சுருக்கத்தை விரித்து எழுதுதல் இங்குக் கடமையாகிறது.

நான்காவது, இடப்பெயர். 'பெட்டாலிங்' என்பது ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். 'ஜெயா' என்பது வெற்றி எனப் பொருள்படும் வடசொல்லின் மலாய் வடிவம். அவ்வடசொல்லே தமிழில் 'ஜெயம்' எனவும் தெலுங்கில் 'ஜயமு' எனவும் வழங்குகிறது. சித்தூர்ப் பகுதி வாசகர்க்கும் பழகிய சொல்லே அது. எனினும் இடப்பெயரைப் பொருள்பெயர்ப்பது ஏற்புடையதன்று, ஒலிபெயர்ப்பே போதும்.

இறுதியாக, 'இந்திய' என்னும் அடையைத் 'தமிழர்' எனப் பெயர்க்கும் வழக்கம். பாராட்டும் நோக்கில் எழுதுவோரிடமும் இப்பிழை காணப்படக்கூடும். அவ்வாறு பெயர்க்கும்போது தெலுங்கு, மலையாளம், பஞ்சாபி பேசும் குடும்பங்களிலிருந்து வந்தோர் வரலாற்றினின்றும் விலக்கப்படுகின்றனர். அன்றைய குடிமதிப்பாளர் இருமொழியாளரை ஒரே கட்டத்திற்குள் அடைத்தது போன்றதே இதுவும்.

6. முடிவுரை

தமிழர், இந்தியர், பெட்டாலிங் ஜெயா ஆகிய மூன்றும் மலேசியக் காற்பந்தில் ஒரு சமுதாயம் அடுத்தடுத்து ஏற்ற பெயர்களாகும். முதலாவது மொழியையும், இரண்டாவது மூதாதையர் நாட்டையும், மூன்றாவது வாழும் நகரத்தையும் குறிக்கின்றன. பெயர் விரிய விரிய அழைக்கப்படுவோர் தொகை பெருகியது; அழைத்தவர் யார் என்பது மங்கியது. இம்மூன்றையும் ஒரே பெயராகக் கருதிச் சமன்செய்யாமல், அந்தந்தக் காலத்துக்குரிய பெயரை ஆண்டோடு தருவதே வரலாற்றாசிரியர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய நெறியாகும்.

1997ஆம் ஆண்டில் குப்பத்தில் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகமும், திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையும் இருமொழிச் சூழலில் இயங்குபவை. மலாயா சென்ற தமிழ், தெலுங்குக் குடும்பங்களின் தொழிற்சொற்களையும் விளையாட்டுச் சொற்களையும் ஒப்பிட்டுத் தொகுக்க அவை தகுதியுடையன. திடல்கள் மறைந்தன; கழகமும் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. அத்திடல்களில் வழங்கிய சொற்கள் முதியோர் நினைவில் இன்னும் உள்ளன. அவற்றைக் காலம் தாழ்த்தாது திரட்டுதல் வேண்டும்.