பொது மூளை யாருடையது?

ஒருவர் தலையைப் போல் இன்னொருவர் தலை இருப்பதில்லை. ஆகவே மூளைப் படங்களை ஒப்பிட, அவற்றை நீட்டியும் சுருக்கியும் ஒரு பொது மூளையின் அளவுக்குப் பொருத்துகிறார்கள். அந்தப் பொது மூளை யாருடையது?

பாரிஸ் அறுவை மருத்துவர் தலைராக், துர்னூ என்பவருடன் 1988-இல் வெளியிட்ட வரைபட நூலுக்கு ஆதாரம், மறைந்த 60 வயதுப் பெண்மணி ஒருவரின் மூளை! உலகத்தார் மூளைகளெல்லாம் அதற்குள் அடங்க வேண்டியதாயிற்று. 1990களில் கனடாவின் மாண்ட்ரியல் நரம்பியல் நிலையத்தார் 305 பேரின் காந்த ஒத்ததிர்வுப் படங்களைச் சராசரியாக்கினர். இப்புது மூளை பழையதைவிடப் பெரியது. தொல்லை பிறந்தது இங்கேதான். ஒன்றில் அளந்த எண்ணை மற்றதில் தேடினால், சில பகுதிகளில் 1 சென்டிமீட்டர்வரை இடம் தவறும். மூளைக்குள் அது சிறு தொலைவன்று.

மாற்றுச் சூத்திரங்கள் பின்னர் வந்தன. 2007-இல் திருத்தமான ஒன்று வெளியாயிற்று. எந்த மூளையில் அளந்தோம் என்று எழுதாமல் விட்ட பழைய கட்டுரைகளுக்கு அவையும் உதவா.