பின்னிணைப்பில் இருந்த அம்மாச்சி

எங்க அம்மாச்சிக்கு போட்டோ கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்மாய்க்கரைக் காலனியில் பிறந்து, ஊரார் வயலில் நாத்து நட்டு, களை பறித்து, நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே செத்துப்போன மனுஷி. அவளைப் பற்றி எழுத்தில் இருக்கிற ஒரே வரியை மூன்று வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் கண்டுபிடித்தேன். ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பு அது. 'தகவலாளர் பட்டியல்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. பேர், வயது 55, கல்வி இல்லை, தொழில் கூலி, சாதி அரிசனர். அதற்கு முந்தைய பக்கங்களில் அவள் பாடிக் கொடுத்த நடவுப் பாட்டுகள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் டேப் ரிக்கார்டரோடு ஒரு சார் வந்தார், களத்துமேட்டில் உட்கார வைத்துப் பாடச் சொன்னார், போகும்போது எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார் என்று அம்மா சொல்லும். சார் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். பாட்டு என்ன ஆச்சுன்னு எங்க சனத்துக்குத் தெரியாது. அந்த ஒரு ஆளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்கு ஆராய்ச்சியின் நடைமுறையே அப்படித்தான். நாலைந்து பிரதி தட்டச்சு செய்து, கலிக்கோ பைண்டிங் போட்டு, பொன் எழுத்தில் பேர் அடித்துக் கொடுப்பார்கள். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் நூலகப் பீரோவுக்குள் போய்விடும். புத்தகமாக அச்சேறியவை கொஞ்சம்தான்.

எம்.ஏ. தமிழ் படிக்கிறபோது ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் நாட்டார் பாடல் ஆய்வேடுகளைப் பார்க்கக் கேட்டேன். நெறியாளர் கடிதம் இருக்கா, துறைத்தலைவர் கையெழுத்து இருக்கா என்றார்கள். "எம்.ஏ. படிக்கிற பிள்ளைக்கு தீசிஸ் எதுக்கு?" என்று சிரித்தார் ஒருத்தர். சேரியில் பாடின பாட்டு பீரோவுக்குள் இருக்கிறது. சேரிப்பிள்ளை வாசலில் நிற்கிறது. திரும்பி வந்துவிட்டேன்.

இந்தப் பூட்டு நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல. அமெரிக்காவில் ஆன் ஆர்பர் நகரில் 1938இல் யூஜின் பவர் தொடங்கிய யுனிவர்சிட்டி மைக்ரோஃபில்ம்ஸ், ஆய்வேடுகளைப் படச்சுருளில் ஏற்றிக் காசுக்கு விற்றது. 1997இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை மின்வடிவில்தான் தரவேண்டும் என்று மாணவர்களுக்கு விதி வைத்தது. இந்தியாவில் யு.ஜி.சி. 2009இல் அப்படி ஒரு விதியைக் கொண்டு வந்தது. அதன்படி வருகிற ஏடுகளைக் காந்திநகரில் இருக்கிற இன்ஃப்ளிப்நெட் மையம் 'ஷோத்கங்கா' என்ற தளத்தில் ஏற்றுகிறது. ஷோத் என்றால் இந்தியில் ஆராய்ச்சி. புதிய ஏடுகளோடு பழைய தட்டச்சு ஏடுகளும் ஸ்கேன் செய்து சேர்க்கப்பட்டன. இன்றைக்கு 5 லட்சத்துக்கும் மேலான ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. கடிதம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், காசு வேண்டாம். 1927இல் மகாத் குளத்தில் தண்ணி அள்ளிக் குடித்ததற்கு அடிபட்ட சனம் நாம். இந்தக் கங்கையில் இறங்குவதற்கு மட்டும் யாரும் சாதி கேட்கவில்லை.

ஆனால் இறங்கினவனுக்கெல்லாம் மீன் கிடைத்துவிடாது. என்ன பேர் போட்டுத் தேடுவது? விருதுநகர் மாவட்டம், தலித், நடவுப் பாட்டு என்று போட்டுப் போட்டு ஒரு வருஷம் ஓடிப்போச்சு. ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. அம்மாச்சி பாடினபோது விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று இல்லை. 1985 வரைக்கும் நாம் இராமநாதபுரம் மாவட்டம். அதை மூன்றாகப் பிரித்தபோது காமராஜர் மாவட்டம் ஆனோம். 1997இல்தான் விருதுநகர் மாவட்டம்.

அந்த 1997ஐ நம் பகுதியில் யாரும் மறக்க முடியாது. விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்த தேவேந்திரர் அவர். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றது ஆதிக்க சாதி. தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பேரை மொத்தமாக எடுத்துவிட்டது. ஒரு தலித் பேரைத் தாங்க மாட்டாமல் எல்லாப் பேரும் போன கதை இது. நம் மாவட்டத்துக்கு மூன்றாவது பேர் வந்தது இப்படித்தான். ஆய்வேடு தேடுகிறவர் இந்த வரலாறு தெரியாமல் தேடினால் வெறுங்கையோடுதான் வரவேண்டும்.

நமக்கு வைத்த பேர்களும் அப்படித்தான். ஒரு காலத்து ஏட்டில் பஞ்சமர், இன்னொன்றில் தாழ்த்தப்பட்டோர், அரிசனர், ஆதிதிராவிடர், தொண்ணூறுகளுக்கு அப்புறம் தலித். நாம் விட்டொழித்த பேரையும் பல்லைக் கடித்துக்கொண்டு தட்ட வேண்டியிருக்கிறது. இராமநாதபுரம், அரிசனர் என்று தட்டின அன்றைக்குத்தான் எனக்கு அந்தத் தலைப்பு வந்தது. ஊர்ப் பேரிலும் வம்பு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர், ராஜபாளையம், இராசபாளையம். இதையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பார்கள். ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கம் படமாகத்தான் கிடக்கும். உள்ளே இருக்கிற சொல்லைத் தேடல் பெட்டி பார்க்காது. அதனால் தேடல் பெட்டியை மட்டும் நம்பக் கூடாது. பல்கலைக்கழகம், அதற்குள் துறை, அதற்குள் நெறியாளர் பேர் என்று படி இறங்க வேண்டும். ஏடு கிடைத்ததும் முன்னுரையில் நேரத்தைக் கழிக்காமல் நேரே பின்னிணைப்புக்குப் போங்க. நம்ம சனம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு ஊர்ப் பேரையும் போட்டால் என்னவெல்லாம் வருது? ஆண்டாள் கோயில், கல்வெட்டு, மலையில் இருக்கிற நரை அணில், பஞ்சாலை, நூற்பாலைத் தொழிலாளர், சத்திரப்பட்டியில் நெய்கிற மருத்துவத் துணி என்று பலதும் வருது. எல்லாம் படிக்க வேண்டியவைதான். ஆலைத் தொழிலாளர் பற்றிய ஏட்டில் அட்டவணையைப் புரட்டினால் யார் எந்த வேலையில் இருந்தார்கள் என்பது தெரியும். சாதியைப் பற்றி எழுதாத ஏடும் சாதியைச் சொல்லிவிடும்.

அம்பேத்கர் 1915இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வுக்குக் கொடுத்த ஆய்வேடு பண்டைய இந்திய வணிகம் பற்றியது. அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சாகவில்லை. மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுதிகளில் பன்னிரண்டாவது தொகுதியில் 1993இல்தான் வெளிவந்தது. அவருடைய ஆய்வேட்டுக்கே இந்த நிலை. நம் பக்கத்தில் பார்த்தால் வத்திராயிருப்பு புதுப்பட்டியில் பிறந்த அண்ணன் தங்கச்சி இரண்டு பேர். தங்கச்சி பாமா 1992இல் எழுதின 'கருக்கு' 2000இல் ஆங்கிலத்துக்குப் போன பிறகு ஆங்கிலத் துறைகளில் அதைப் பற்றி ஏடு ஏடாக எழுதிக் குவிக்கிறார்கள். அண்ணன் ராஜ் கௌதமன் முனைவர் பட்டம் வாங்கினது அ. மாதவையா என்கிற பிராமண நாவலாசிரியரை ஆராய்ந்து. ஆராயப்படுகிறவர்களாக மட்டும் நம்மை வைத்திருந்த இடத்தில் அவர் ஆராய்கிறவராக உட்கார்ந்தார். பிறகு சங்க இலக்கியத்தையும் அயோத்திதாசரையும் தலித் பார்வையில் புரட்டினார். 2024 நவம்பரில் அவர் இறந்துபோனார். அவருக்குப் பின்னால் கல்லூரிக்குப் போன நூற்றுக்கணக்கான சேரிப்பிள்ளைகள் எம்.ஃபில்.லோடு நின்றவர்கள். குடும்பப் பாரம், உதவித்தொகை வராதது, நெறியாளர் கிடைக்காதது என்று ஆளுக்கொரு காரணம். எம்.ஃபில். படிப்பையே யு.ஜி.சி. 2022இல் நிறுத்திவிட்டது. அந்த ஏடுகளில் பெரும்பாலானவை எந்தத் தளத்திலும் இல்லை. துறை அலமாரியிலும் எழுதினவர் வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன. நம் தெருவை நம் பிள்ளையே எழுதின ஏடு அதுதான். கறையான் தின்கிறதும் அதுதான்.

பின்னிணைப்பை அச்செடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய் வாசித்தேன். ரெண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டது. "வேளாண்மையா? எங்க ஆத்தா எந்தக் காலத்துல வேளாண்மைன்னு சொல்லுச்சு? வெள்ளாமன்னுதான் பாடும்" என்றது. சார் திருத்தியிருக்கிறார். அம்மாச்சி வாயைக் கழுவித்தான் ஆய்வேட்டுக்குள் விட்டிருக்கிறார். அம்மாவும் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவும் பாடப்பாட நான் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். பதினேழு இடத்தில் திருத்தம்.

எனக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. அம்மாச்சி பேரும் ஊரும் சாதியும் இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது. அவளை யாரும் கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அன்னைக்குப் பாடச் சொன்னப்பவே கேக்கலயே, இப்ப என்னத்த கேக்கப் போறாக. இருக்கட்டும். பேராவது இருக்குல்ல" என்றது. அந்தப் பதிலில் எனக்கு முழுச் சமாதானம் இல்லை. நாளைக்கு நாம் ஏடு எழுதினால் பாடினவரைக் கேட்டுத்தான் பேர் போட வேண்டும். ஒரு பிரதி அவர் வீட்டுக்கும் போக வேண்டும்.

தளத்தில் ஏறிவிட்டதால் நிலைத்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆய்வேட்டுத் தளமே முடங்கிப்போனது. கிடைத்ததை அன்றைக்கே இறக்கி வையுங்க, அச்செடுத்துத் தெருவுக்குக் கொண்டு போங்க, வாசித்துக் காட்டுங்க. பரணில் கிடக்கிற எம்.ஃபில். ஏட்டை எழுதினவரிடம் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்யுங்க. இன்றைக்கு ராத்திரி உங்க ஊர்ப் பேரை மூணு விதமா எழுதிப் போட்டுப் பாருங்க. பழைய மாவட்டப் பேரையும் மறக்காமப் போடுங்க. உங்க அம்மாச்சியும் எந்தப் பின்னிணைப்பில் உட்கார்ந்திருக்காளோ?