எண்ணூர் ஆஸ்டினும் வண்டலூர் ஹெரால்டும்

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக வடக்கே சென்றால் எண்ணூரை அடையலாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர் பெற்ற அவ்வூரில் ஒரு காலத்தில் கார்களும் உருவாயின என்பதை நீங்கள் அறிவீர்களா? ரகுநந்தன் சரண் 1948இல் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனிலிருந்து பாகங்களை வரவழைத்து, 1949 முதல் ஆஸ்டின் ஏ-40 கார்களை அங்கே பொருத்தி வெளியிட்டது. 1955இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் ஆயிற்று.

சென்னைக்குத் தெற்கே வண்டலூரிலும் ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்து 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது. இது பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்தியப் பதிப்பாகும்.

இவ்விரண்டில் எது சிறந்தது? முதலில் எஞ்சினைப் பார்ப்போம். இரண்டிலும் நான்கு சிலிண்டர்கள். ஆஸ்டினின் கொள்ளளவு 1,200 க.செ.மீ.; திறன் 40 குதிரைத்திறன். ஹெரால்டுக்கு 948 க.செ.மீ.; திறன் 34.5 மட்டுமே. ஆனால், பிரிட்டனில் நடந்த சோதனைகளில் இரண்டுமே மணிக்குச் சுமார் 70 மைல் வேகத்தை எட்டின. நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை அடைய ஆஸ்டினுக்குச் சுமார் 37 வினாடி ஆயிற்று. ஹெரால்டுக்கு 31 வினாடியே போதுமானதாயிற்று.

காரணம் எடையில் இருக்கிறது. ஹெரால்டின் எடை சுமார் 800 கிலோ. 34.5-ஐ 0.8-ஆல் வகுத்துப் பாருங்கள்: டன்னுக்கு 43 குதிரைத்திறன். ஆஸ்டினின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அதற்கு 40-க்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

ஹெரால்டுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 25 அடி விட்டமுள்ள வட்டத்திற்குள் அது திரும்பிவிடும். குறுகிய தெருக்களில் இது எவ்வளவு வசதி!

அப்படியானால் வெற்றி ஹெரால்டுக்குத்தானா? சற்றுப் பொறுங்கள். ஆஸ்டினின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே உறுதியான அச்சில் பூட்டப்பட்டவை. ஹெரால்டிலோ ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது பாதிக்கப்படாது. ஏட்டளவில் இதுவே முன்னேறிய முறை. ஆனால் சுமை ஏறும்போது அச்சின் கோணம் மாறி, சக்கரங்கள் சாய்ந்து நிற்கும். வேகமாகத் திரும்பினால் வண்டியின் பிடிப்புக் குறையும். நம் நாட்டு உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் இவ்வமைப்பை விரும்பவில்லை.

விளைவு என்ன? 1972இல் வண்டலூரிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் அதே 948 க.செ.மீ. எஞ்சின் தொடர்ந்தது, பின்புறத்திலோ ஆஸ்டினில் இருந்ததைப் போன்ற ஒரே அச்சு முறை இடம் பெற்றது. வேகத்தில் பிந்திய காரின் பழைய முறையே நம் சாலைகளுக்கு ஏற்றதாயிற்று.

பழைய கார்க் கண்காட்சிக்குச் சென்றால், பளபளக்கும் முன்புறத்தை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். சற்றுக் குனிந்து பின் அச்சையும் பாருங்கள்.