வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயரும் வீட்டில் ஒலியமைப்பு கட்டியவர்களும்

இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியை இனம்பிரித்தறியும் பயிற்சிக்காக டெக்கா நிறுவனம் உருவாக்கிய பதிவுமுறை, போர் முடிந்ததும் இசைக்குத் திருப்பப்பட்டு, விநாடிக்கு ஏறத்தாழ 14,000 அதிர்வுகள் வரையிலான ஒலிகளை இசைத்தட்டில் ஏற்றியது. ஆனால் பிரிட்டிஷ் வீடுகளில் இருந்த ரேடியோகிராம்கள், அதாவது வானொலியையும் இசைத்தட்டுச் சுழலியையும் ஒரே மரப்பெட்டியில் அடக்கிய கருவிகள், அந்த மேல்வரிசை ஒலிகளில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. தட்டில் இருந்தது கூடத்துக்கு வந்து சேரவில்லை. இக்குறையைத் தீர்ப்பதில், வேலை முடிந்த மாலைகளில் பற்றவைப்புக் கோலோடு உட்கார்ந்த பொழுதுபோக்காளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர்கள் கைக்கு ஒரு வரைபடம் கிடைத்த ஆண்டு 1947. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இளம் பொறியாளர் டி. டி. என். வில்லியம்சன், வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய்களைத் தயாரிக்கும் எம். ஓ. வால்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது வடிவமைத்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றி, 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழின் ஏப்ரல், மே இதழ்களில் எழுதினார். 15 வாட் திறனில் ஒலித்திரிபு, அதாவது உள்ளே செல்லாத ஒலி வெளியே வந்து கலக்கும் அளவு, 0.1 விழுக்காட்டுக்கு மேல் போகாது என்பது அதன் இலக்கு. பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக் 1927இல் கண்டறிந்த எதிர்ப்பின்னூட்டமே இதற்கு வழிசெய்தது: வெளியீட்டில் ஒரு சிறு பங்கைத் தலைகீழாகத் திருப்பி உள்ளீட்டுக்கே அனுப்பினால், ஆம்ப்ளிஃபயர் தான் செய்யும் பிழையைத் தானே பெருமளவு கழித்துக்கொள்கிறது. வில்லியம்சன் 20 டெசிபல் அளவுக்கு, அதாவது பெருக்கம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் அளவுக்கு, அதைப் பயன்படுத்தினார். கேடி66 வால்வுகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே நிற்கும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரையும் அந்தப் பின்னூட்ட வளையத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்.

தொல்லை தொடங்கியதும் அங்கேதான். வளையத்துக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், காதுக்கு எட்டாத அதிர்வெண்களிலும் குறிப்பைக் காலம் பிசகாமல் கடத்த வேண்டும். பிசகினால், கழிக்க வேண்டிய பின்னூட்டம் கூட்டத் தொடங்கி, ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊளையிடும், அல்லது செவிக்குப் புலப்படாத அலைவில் சிக்கி வால்வுகளைச் சூடேற்றும். இதனால் வில்லியம்சன் சுருள் சுற்றும் முறையைக்கூட மறைக்காமல் அச்சில் தந்தார். இரண்டு சுருள்தாங்கிகள், ஒவ்வொன்றிலும் வால்வுகளோடு இணையும் முதன்மைச் சுருள் ஐந்து பகுதிகள், ஒரு பகுதிக்கு 440 சுற்றுகள், அவையும் 88 சுற்று கொண்ட ஐந்து அடுக்குகளாக, அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய காகிதம், முதன்மைப் பகுதிகளுக்கு இடையிடையே ஒலிபெருக்கியோடு இணையும் துணைச்சுருளின் நான்கு பகுதிகள். இரு சுருள்களையும் இப்படி அடுக்கடுக்காகக் கோத்தால்தான் ஒன்றின் காந்தப்புலம் மற்றதைத் தொடாமல் கசிவது குறையும். எனாமல் பூசிய செம்புக் கம்பியை 4,400 முறை, ஒரு சுற்றுகூட மேலேறாமல் சுற்றி முடிக்கப் பொறுமை மட்டும் போதாது, விரல்களுக்கும் பயிற்சி வேண்டும். அதற்குத் துணியாதவர்கள் பார்ட்ரிட்ஜ் போன்ற நிறுவனங்களிடம் சுற்றியதையே வாங்கினார்கள். வணிக ரகசியமாகப் பெட்டிக்குள் பூட்டியிருக்கக்கூடிய அறிவு இவ்வாறு மாத இதழின் விலைக்குக் கிடைத்தது. வீட்டு ஒலியமைப்பின் வரலாற்றில், திரிபு குறைந்ததைவிட இதற்கே முதலிடம் தர வேண்டும்.

மற்ற உறுப்புகளுக்குப் போர் எச்சம் கைகொடுத்தது. இராணுவம் கழித்துவிட்ட மின்தேக்கிகளும் வால்வுகளும் லண்டனின் லைல் தெருக் கடைகளில் குவிந்து கிடந்தன. அமெரிக்காவில் சார்சர், ஸ்பிரிங்கிள் ஆகிய இருவரும், அங்கே எளிதில் கிடைத்த 807 வால்வுக்கு ஏற்ப வில்லியம்சன் வடிவத்தை மாற்றி 1949இல் வெளியிட்டனர்.

ஆம்ப்ளிஃபயர் திருந்தியதும் ஒலிபெருக்கியின் குறை வெளிப்பட்டது. கூம்பின் முன்புறத்திலிருந்து எழும் ஒலியும் பின்புறத்திலிருந்து எழும் ஒலியும் எதிரெதிரானவை; தாழ்ந்த சுரங்களில் இவை ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், இரண்டையும் பிரிக்கப் பெட்டி வேண்டும்; பெட்டியின் பலகையோ தானும் சேர்ந்து அதிர்ந்து இசையில் தன் குரலைக் கலந்துவிடும். யார்க்‌ஷயரின் இல்க்லியில் 1932இல் ஒரு வீட்டு நிலவறையில் வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், இரு பலகைகளுக்கு நடுவே மணலை நிரப்பி அந்த அதிர்வை அடக்கினார். ஒலிபெருக்கி பற்றி 1948 முதல் அவர் எழுதிய நூல்களைப் படித்தவர்களில் துணிந்தவர்கள் ஒருபடி மேலே போய், கூடத்தின் மூலையில் செங்கல் அறையே கட்டி ஒலிபெருக்கியை அதில் பொருத்தினார்கள். சுவரைத் தட்டினால் ஒலிக்காது என்பதே அதன் தகுதி. 1954 நவம்பர் 1ஆம் நாள், குவாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்த பீட்டர் வாக்கருடன் சேர்ந்து லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், மேடையில் வாசித்த இசையையும் பதிவான இசையையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்து பிரிக்ஸ் நிகழ்ச்சி நடத்தியபோது, அந்தப் பெரிய அரங்குக்கான நுழைவுச்சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. வீட்டு மூலைகளில் வளர்ந்த ஆர்வம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

1958இல், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி ஒலி கொண்ட ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது எல்லாம் இரட்டையாக வேண்டியிருந்தது. செங்கல் மூலை ஒன்று கட்டியவருக்கு, கதவோ ஜன்னலோ கணப்படுப்போ இல்லாத இன்னொரு மூலை, அதுவும் அதே சுவரில், எளிதில் அமையவில்லை. அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் 1954இலேயே, இறுக மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்பைத் தாங்கும் வில்லாகப் பயன்படுத்தி, புத்தக அலமாரியில் நிற்கும் அளவுள்ள பெட்டியிலிருந்து ஆழ்ந்த தாழ்சுரத்தை எழுப்பியிருந்தார். ஸ்டீரியோ வந்தபின் அதன் வழிவந்த பெட்டிகள் பரவின. 1959இல் டைனாகோ நிறுவனம் விற்ற ஸ்டீரியோ 70 ஆம்ப்ளிஃபயர் தொகுப்பில் சுற்றிமுடித்த டிரான்ஸ்ஃபார்மர்களும் உறுப்புகள் ஏற்கெனவே பொருத்தப்பட்ட மின்சுற்றுப் பலகையும் இருந்தன. வாங்கியவர் கம்பிகளை இணைத்துப் பற்றவைத்தால் போதும், சுருள் சுற்றும் வேலை அவர் கையை விட்டுப் போயிருந்தது.