கொட்டகையில் பிறந்த ஒலிபெருக்கி

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், ஒரு மரப்பெட்டிக்கும் சில கண்ணாடிக் குழல்களுக்கும்கூட வரலாறு உண்டு. லண்டன் நகரின் மேற்குப் பகுதியில், ஒரு தோட்டக் கொட்டகையில் கையால் செய்யப்பட்ட கிடார் ஒலிபெருக்கியின் வரலாற்றையே இன்று மாணவ நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

கிடார் மென்குரல் உடைய கருவி. பித்தளைக் குழல்களும் முரசுகளும் முழங்கிய ஜாஸ் இசைக் குழுக்களில் அதன் ஓசை அமுங்கிப் போயிற்று. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்சாரக் கிடார் விற்பனைக்கு வந்தது. எஃகுத் தந்தி அதிரும்போது, காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழும். அதனைப் பெருக்கித் தந்தது வால்வு. 1904-இல் பிளெமிங் அமைத்த வால்வில் இரு முனைகளே இருந்தன. 1906-இல் லீ டி பாரஸ்ட் அதனுள் ‘கிரிட்’ என்னும் கம்பி வலையைச் சேர்த்தார். சூடேறிய முனையிலிருந்து தகட்டை நோக்கிப் பாயும் எலெக்ட்ரான்களை அவ்வலை மதகைப்போல் ஆள்கிறது. மதகைத் திருப்பச் சிறிது வலிமையே வேண்டும். அதன்வழிப் பாயும் நீரோ பெரிது.

கலிபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்திய லியோ பெண்டர், 1950-களில் ‘பாஸ்மேன்’ என்னும் ஒலிபெருக்கியைச் செய்து புகழ் பெற்றார். இங்கிலாந்து இளைஞர்களும் அதனை விரும்பினர். ஆனால் கடல் கடந்து வந்த அக்கருவியின் விலை அவர்கள் கைக்கு எட்டுவதாக இல்லை.

லண்டனில் ஹான்வெல் என்னும் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற முரசுக் கலைஞர் 1960-இல் ஒரு கடை திறந்தார். அங்கு வந்த கிடார் கலைஞர்கள் இன்னும் வலிய ஒலியைக் கேட்டனர். கடையில் பழுதுபார்க்கும் பணியிலிருந்த கென் பிரான், வானொலித் தொழில் பயின்றுவந்த டட்லி கிரேவன் என்னும் இளைஞரைத் துணைக்கொண்டார். கிரேவனின் கொட்டகையில் பாஸ்மேனின் மின்சுற்றைப் பின்பற்றி 1962-இல் ஓர் ஒலிபெருக்கி உருவாயிற்று. அதுவே ‘ஜே.டி.எம். 45’.

அஃது வெறும் படியன்று. இங்கிலாந்தில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே அதனை அமைத்தனர். பாஸ்மேனின் முதல் வால்வுக்குப் பெருக்கத் திறன் ஏறத்தாழ 44. இவர்கள் இட்ட ஈ.சி.சி. 83 வால்வுக்கோ 100. பாஸ்மேனில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கும் ஒலிபெருக்கியும் பின்புறம் திறந்த ஒரே பெட்டியில் அடங்கின. இங்கோ 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கினைப் பின்புறம் மூடிய தனிப்பெட்டியில் பொருத்தினர். பின்புறம் திறந்திருந்தால், முன்னும் பின்னும் எழும் தாழ்ந்த ஒலியலைகள் ஒன்றையொன்று ஓரளவு அழித்துவிடும். மூடிய பெட்டியில் அக்குறை நீங்கி, ஒலி திண்மை பெறுகிறது.

இனி, வியப்புக்குரிய செய்திக்கு வருகிறேன். வால்வுக்கு அதன் எல்லைக்கு மேல் வேலை கொடுத்தால், ஒலியலையின் முகடு தட்டையாகிவிடும். பொறியாளர்கள் இதனைச் சிதைவு என்று கூறி ஒதுக்கினர். கலைஞர்களோ இதனையே விரும்பினர். முகடு தட்டையாகும்போது மூல ஒலியுடன் புதிய மேலொலிகள் பிறக்கின்றன. தந்தியின் நாதம் விரைவில் மங்காமல் நெடிது நிற்கிறது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலிபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் என்பவர் மேலும் ஒரு பெருக்கக் கட்டத்தை இடையில் சேர்த்தார். ஒன்று பெருக்கியதை மற்றொன்று பெருக்கும் இம்முறையே உயர்பெருக்க ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படையாயிற்று. ஆனால் இம்முறையில் இசையோடு இரைச்சலும் பெருகும். எனவே எந்தக் கம்பியை எவ்வழியே கொண்டு செல்வது, எங்கே நிலத்தொடர்பு கொடுப்பது என்பதில்தான் இல்லத்தில் அமைப்போரின் திறமை விளங்கும்.

ஓர் எச்சரிக்கையும் கூறுவேன். இத்தகைய பெட்டிகளில் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருப்பதுண்டு. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகள் அதனைச் சேமித்து வைத்திருக்கும். அஃது உயிரைப் பறிக்கவும் வல்லது. தேர்ந்தவர் துணையின்றி எவரும் அதனைத் திறத்தல் ஆகாது.

‘ஜே.டி.எம்.’ என்பது மார்ஷல், அவர் மகன் டெர்ரி ஆகியோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆயது. கொட்டகையில் உழைத்த பிரானின் பெயரும் கிரேவனின் பெயரும் அப்பெட்டியின்மீது இடம்பெறவில்லை. வணிகம் தன் முத்திரையைப் பொறித்துக்கொள்ளும், அதில் வியப்பில்லை. ஆனால் வரலாறு அம்முத்திரையோடு நின்றுவிடலாகாது. ஒரு கருவியைக் காணும்போது, ‘இதனை விற்றவர் யார்?’ என்பதோடு, ‘இதனை இழைத்த கைகள் யாருடையவை?’ என்றும் கேளுங்கள். வரலாறு பயிலும் மாணவர்க்கு அவ்விரண்டாவது வினா இன்றியமையாதது என்பதே என் கருத்து.