கப்பல் மிளகும் கோழியிறக்கையும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடப்போர் செலுத்தும் வரி ஒன்றுண்டு, அது தும்மல். வற்றல் மிளகாய் மூட்டைகள் இறங்கும் கிடங்கின் வாயிலை அவ்வரி செலுத்தாது கடந்தவர் அரியர். மூன்று தலைமுறையாக இவ்வூரில் வாழும் நம் குடும்பத்தார் அந்த நெடியிலேயே வளர்ந்தவர்கள் எனலாம். ஆயினும் அந்நெடியின் வரலாற்றை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அண்மையில்தான் கிட்டியது, அதுவும் அடுக்களையிலே!

சென்ற ஓண விடுமுறையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள், கடைகளில் விற்கும் கோழியிறக்கைப் பொரியல் வேண்டுமென்று அடம் பிடித்தனர். மொறுமொறுவென்று பொரித்துக் காரச் சாறு புரட்டிய பண்டம் அது. "அது அயல்நாட்டுப் பண்டம், பாட்டி, வீட்டில் செய்ய வராது," என்றான் மூத்தவன். என் அன்னையார் விடவில்லை. "கோழியும் நம்முடையது, மிளகாயும் நம்முடையது, பின் இதில் அயல்நாடு எங்கேயடா இருக்கிறது?" என்று கேட்டார். பிள்ளைகள் வாயடைத்துப் போயினர். எனக்கோ உள்ளூர ஓர் உறுத்தல். அன்னையார் கூற்றில் பாதி மெய், பாதி பிழை. அதனை விளக்கவே இச்சிறு கட்டுரை. புலால் மறுத்த அன்பர்கள் பொறுத்தருள்க. மிளகாயின் வரலாறு அவர்களுக்கும் உரியதே.

முதலில் கோழியைக் காண்போம். வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி என்பது அறிஞர் துணிபு. ஆனால் அதனோடு கதை முடியவில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி என்ற மற்றோர் இனம் வாழ்கிறது. வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபணுக் கூறு இந்த இனத்திடமிருந்தே வந்தது என்று 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பொரிக்கும்போது முறுகிச் சுவை தருவது தோலே. ஆகவே உலகின் எம்மூலையில் மஞ்சள் தோல் கோழி பொரிந்தாலும், அதில் தென்னாட்டு மலையின் பங்கு சிறிதுண்டு. கோழியைச் சமைக்கும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, உழவர் பேரூருக்கு வரும் பாணர்க்கு வெண்ணெல்லின் சோற்றோடு மனையில் வளர்த்த பெட்டைக் கோழியின் வாட்டும் கிடைக்கும் என்று சொல்கிறது. வாட்டு என்பது நெருப்பில் வாட்டிய இறைச்சி.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 'கொச்சின்' என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட ஒரு கோழியினம் உண்டு. கால் முழுதும் இறகு மூடிய பருத்த கோழி அது. 1840-களில் இங்கிலாந்துக்குச் சென்று அந்நாட்டாரைப் பித்துக் கொள்ளச் செய்தது. பெயரைக் கண்டு நம்மூர்க் கோழி என்று மகிழ வேண்டா. அது சீனத்துக் கோழி. 'கொச்சின்-சைனா' என்று அதற்கு முதலில் தவறாக இட்ட பெயர் சுருங்கிக் 'கொச்சின்' என நின்றுவிட்டது. அந்தக் கொச்சின்-சைனா வியத்நாமின் தென்பகுதி. நம் கொச்சியினின்று பிரித்தறியப் போர்ச்சுகீசியர் 'சைனா' என்பதை ஒட்டிவைத்தனர். ஆகக் கோழிக்கும் நம்மூருக்கும் பெயரளவில் உறவேயன்றிக் குருதியுறவு இல்லை.

இனி மிளகாய். நம் முன்னோர்க்குக் காரம் தந்தவை மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே. சங்க நூல்களில் மிளகுக்குக் 'கறி' என்றும் பெயர். யவனர் மரக்கலங்கள் பொன் கொணர்ந்து முசிறித் துறையில் கறி ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. முசிறி நமக்கு வடக்கே, கொடுங்கல்லூரை ஒட்டி இருந்தது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் அத்துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தை ஆழப்படுத்தியது என்பர். அந்த வெள்ளம் இல்லையேல் மட்டாஞ்சேரிக் கிடங்குகளும் இல்லை. இங்கே நாமும் இல்லை.

அந்த மிளகைத் தேடித்தான் போர்ச்சுகீசியர் வந்தனர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1500-இல் கப்ரால் கொச்சிக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1493-இல், கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளிலிருந்து மிளகாயை ஸ்பெயினுக்குக் கொண்டு சேர்த்திருந்தார். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பல்களில் அது நம் மேற்குக் கரையை அடைந்தது. மிளகு வாங்க வந்தவர்கள் மிளகாயை விட்டுச் சென்றார்கள்! மலையாளத்தார் அதனைக் கப்பல் மிளகு என்றும் பறங்கி மிளகு என்றும் அழைத்தனர். பழைய மிளகை நல்லமிளகு என்று பிரித்துச் சொன்னார்கள். குமரி மாவட்டத் தமிழர் இன்றும் நல்லமிளகு என்றே வழங்குவர். நாம் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் ஆக்கிக்கொண்டோம்.

1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் காலத்தில், இங்கே தளபதியாக இருந்த வான் ரீடு என்பவர் மலையாளக் கரையின் செடிகொடிகளைப் படத்தோடு தொகுத்தார். 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. அதில் மிளகாய், 'கப்போ மொளகோ' என்ற பெயரோடு இடம்பெற்றுள்ளது. நாட்டில் கால் வைத்து இருநூறு ஆண்டுகூட ஆகுமுன்னரே அது மலையாளக் கரைச் செடியாகிவிட்டது.

இவ்விரைவுக்குக் காரணம் வறுமை என்பது என் எண்ணம். மிளகுக் கொடிக்கு மலைச்சாரலும் மழையும் நிழலும் வேண்டும். அதன் விலையோ பொன்னோடு ஒப்பிடப்பட்டது. மிளகாய் கொல்லைப்புறத்தில் முளைக்கும். வானம் பார்த்த பூமியிலும் காய்க்கும். கூலிக்காரன் வீட்டுக் கஞ்சிக்கும் காரம் கிடைத்தது. முன்னூறு நானூறு ஆண்டுகளில் சாத்தூரும் இராமநாதபுரமும் மிளகாய்க்குப் பெயர் பெற்றன. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆகவே, மிளகாய் நம்முடையது என்ற அன்னையார் சொல்லைப் பிழை என்றேனே, அதைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். வந்த மருமகள் எத்தனை ஆண்டு அயலாளாக இருப்பாள்?

இறக்கையின் கதை வேறு. எங்கள் இல்லத்தில் கோழி சமைத்தால் கால்கள் தந்தைக்கும் விருந்தினர்க்கும். நெஞ்சுத் துண்டு பிள்ளைகளுக்கு. இறக்கையும் கழுத்தும் அன்னையார் தட்டுக்கு. "எனக்கு இதுதான் பிடிக்கும்," என்பார். அதனை நாங்கள் நம்பினோம். அமெரிக்காவிலும் இறக்கையின் நிலை பெரும்பாலும் இதுவே. எலும்புச் சாறு காய்ச்சவே அது பயன்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலுள்ள ஆங்கர் பார் என்னும் உணவகத்தில் தெரெசா பெல்லிசிமோ என்ற அம்மையார், 1964-இல் மகனின் நண்பர்கள் இரவில் பசியோடு வந்தபோது இறக்கைகளைப் பொரித்து, மிளகாய்ச் சாற்றையும் வெண்ணெயையும் கலந்து புரட்டித் தந்தார் என்பது பரவலான வரலாறு. அதே நகரில் ஜான் யங் என்ற கறுப்பின வணிகரும் அக்காலத்தில் இறக்கைகளை விற்றார்; முதன்மை எவருக்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சென்னை மவுண்ட் ரோடு புகாரி உணவகத்தில் 'சிக்கன் 65' பிறந்ததாகச் சொல்லும் ஆண்டு 1965. ஓராண்டு இடைவெளியில் உலகின் இரு கோடிகளில் கோழியும் மிளகாயும் எண்ணெயில் கூடியிருக்கின்றன!

இனி வீட்டில் செய்யும் முறை. ஒரு கிலோ இறக்கையை மூட்டுகளில் வெட்டி, நுனியை இரசத்துக்கு ஒதுக்குக. மற்றவற்றைத் துணியால் ஈரமற ஒற்றி, உப்பும் மிளகுத்தூளும் தடவி, குளிர்பெட்டியில் மூடாது நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். தோல் உலர்ந்தால்தான் முறுகும்; கடைக்காரரின் மறைபொருள் இவ்வளவே. பின் நான்கு கரண்டி அரிசி மாவும் இரண்டு கரண்டி சோள மாவும் கலந்து புரட்டி, மிதமான சூட்டில் எட்டுப் பத்து நிமிடம் பொரித்தெடுத்து ஆறவிடுக. ஆறும்போது உள்ளிருக்கும் நீர் தோலுக்கு வரும். எண்ணெயை மேலும் காய்ச்சி, இரண்டு மூன்று நிமிடம் மறுமுறை பொரித்தால் அந்நீரும் போய்விடும். தேங்காயெண்ணெய் நம்மூர்ப் பழக்கம், கடலையெண்ணெயும் ஆகும்.

சாற்றுக்குப் பன்னிரண்டு வற்றலை வெந்நீரில் ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டோடு அரைத்து, வெண்ணெயில் பச்சை வாடை போக வதக்கி, உப்பும் ஒரு துண்டு வெல்லமும் சேர்க்கவும். இறக்கியபின் மூன்று கரண்டி காடி ஊற்றுக. காடியை மலையாள அயலார் விநாகிரி என்பர். அது போர்ச்சுகீசியச் சொல். மிளகாயோடு கூடவே வந்தது போலும். தென்னங்கள்ளில் புளித்த காடி கிடைத்தால் அதற்கு இணையில்லை.

சாறு புரட்டிய இறக்கை பத்து நிமிடத்திற்கு மேல் முறுக்குக் குலையாது நில்லாது; இலை போட்டு, எல்லோரும் அமர்ந்த பிறகே புரட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது இறக்கைக்குத்தான் சண்டை. அன்னையார் அச்சண்டையில் கலந்துகொள்வதில்லை. குழம்புச் சட்டியைத் தம் பக்கம் இழுத்து, கால் துண்டைத் தாமே எடுத்து இட்டுக்கொள்கிறார்.