எந்த மரத்துக் கள்ளு?

எங்கள் அம்மப்பா தவறணைக் கள்ளு குடிக்கமாட்டார். மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கம் தென்னை சீவிய ஒருவரிடந்தான் வாடிக்கை. முட்டி இறங்கும்போதே, "எந்த மரம் தம்பி? விடியச் சீவினதா?" என்பார். நுரையை ஊதி விலக்கி மணந்து பார்ப்பார். புளிப்பு மூக்கில் ஏறினால் என் பக்கம் திரும்பி, "இது ராவு முட்டி மனே. அப்பத்துக்கு மாக் கரைக்க அம்மம்மாட்டக் குடு" என்று தந்துவிடுவார்.

அந்தக் கேள்விகளில் பெரிய விஷயம் இருந்தது. விரியாத பாளையை இறுக்கிக் கட்டி, நாளும் தட்டிப் பதமாக்கி, நுனியைச் சீவினால் சொட்டுகிற நீரில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு சீனி. பழைய முட்டியில் ஒட்டியிருக்கும் மண்டியே அதை நுரைக்க வைக்கும். சில மணி நேரத்தில் வெறி ஏறும், மறுநாள் காடியாகும். உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காது. ஆகவே மரம், கை, முட்டி, நேரம் நான்கும் தெரிந்தவனுக்கே நல்ல கள்ளு வாய்த்தது.

அரசுக்கோ வரி மட்டுமே கண்ணில் பட்டது. ஒல்லாந்தர் சாராயக் குத்தகையை ஏலம் விட்டார்கள். ஆங்கிலேயர் அதை இன்னும் பெருக்கினார்கள். குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை மீட்கப் பார்ப்பாரா, மரத்தை விசாரிப்பாரா? 1912இன் 8ஆம் இலக்கக் கலால் கட்டளைச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் பிரித்து, ஊரூராகக் கள்ளுத்தவறணைகளுக்கு வழி திறந்தது. அதை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில் முன்நின்ற டி. பி. ஜயதிலக்க, சேனநாயக்க சகோதரர்கள் ஆகியோரை 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது ஆங்கிலேயர் சிறையில் அடைத்தார்கள். குடியால் குடும்பங்கள் அழிந்ததை மதுவிலக்குக்காரர் எடுத்துச் சொன்னது நியாயம். ஆனாலும் தவறணையில் பல மரத்துக் கள்ளும் ஒரே பீப்பாவில் விழுந்தபோது, சீவியவரின் கைத்திறன் பெயரில்லாமல் போனதையும் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தென்னஞ்சாராயத்துக்கு அந்தக் கதி வரவில்லை. ஹல்மில்ல மரப் பீப்பாவில் எத்தனை வருடம் கிடந்தது என்று இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். திருகோணமலை மரம் என்று பெயர் பெற்று, மசூலாப் படகு கட்டச் சென்னைக்குப் போன அதே மரந்தான்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைத் தென்னைகளை முறித்துப் போட்டது. அம்மப்பா பேர் சொல்லிக் கேட்ட மரங்களும் அதில் போயின. பிறகு யுத்தம், 2004இல் கடல்.

பிரான்சில் எந்தத் தோட்டத்துத் திராட்சை, எந்த ஆண்டு என்று போத்தலில் ஒட்டி விற்கிறார்கள். நம் ஊரில் அந்த அறிவு சீவல் தொழிலாளரின் வாயோடு இருக்கிறது. வாவிக்கரையில் முதிய சீவல் தொழிலாளர் எவரையாவது தெரிந்தால், மரம் மரமாகக் கேட்டு எழுதி வையுங்கள். பல்கலைக்கழகம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.